மருமவனே, யாருக்கு ஓடுதுவே உம்ம பொட்டி?

நம்மூர்ச் சாமி அக்னித் தலத்துச் சாமின்னு சொன்னா வெளியூர்க்காரன் ஒரு மாதிரியாத்தான் பாப்பான். உம்ம கடை லேப்டாப் மேல ஒரு நிமிசம் கையை வைக்கச் சொல்லும் மருமவனே, கன்னத்துல போட்டுக்கிட்டு நம்பிருவான். சங்கரன்கோவில் மண்ணு, தாருகாபுரம் தண்ணி, தென்மலை காத்து, தேவதானம் ஆகாசம், நம்ம கரிவலம்வந்தநல்லூர் நெருப்புன்னு அந்தக் காலத்துலயே பிரிச்சு வச்சிட்டுப் போயிட்டாங்க. பின்னால ஒருத்தன் பால்வண்ணநாதர் கோயில் பக்கமா ஜெராக்ஸ் கடை போட்டு அதை ருசுப்படுத்துவான்னு அவங்க நினைச்சிருக்க மாட்டாங்க.

"சிபியு நூறு காட்டுது மாமா, ஓஎஸ் அடிச்சிரட்டுமா?"ன்னு போன்ல கேட்டீரு. பொறும்வேன்னு சொன்னேன். வாயால சொன்னா உமக்கு இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுற பழக்கம், அதான் எழுதுதேன். மெட்ராஸ்ல ஒரு கம்பெனி சர்வர் ரூம்ல ராத்திரி ஷிஃப்ட் கெடந்து, ஏசிக் குளிர்ல முட்டி வாதம் வாங்கிட்டு வந்து எலுமிச்சைக்குத் தண்ணி பாச்சுற கிழவன் நான். வேட்டியை மடிச்சுக் கட்டுனவனுக்கு என்ன தெரியும்னு உம்ம சிநேகிதக்காரன் சிரிச்சானாம். சிரிக்கட்டும். பல்லு இருக்கிறவன் சிரிக்கான்.

இந்த ஃபார்மட் ஆசை உமக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்வே. ஊர் வழி வந்தது. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊரா அலைஞ்ச காலத்துல நம்ம கரிவலம்வந்தநல்லூருக்கும் வந்தாரு. பாண்டிய ராசா சேத்து வச்ச ஏடெல்லாம் இங்க தேவஸ்தானத்துப் பொறுப்புல இருக்குன்னு கேள்விப்பட்டு ஆசை ஆசையா வந்த மனுசன். வந்து விசாரிச்சா, பழைய ஏட்டையெல்லாம் நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னு பதில் வந்துச்சு. அவர் பட்ட வயித்தெரிச்சலை 'என் சரித்திரம்' புத்தகத்துல அவரே எழுதியிருக்காரு. போட்டவங்க கெட்டவங்க இல்லை. இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கேன்னு, சாஸ்திரப்படி சுத்தம் பண்ணுனாங்க. என்ன எரிஞ்சுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது.

உம்ம டிரைவ்ல என்ன கெடக்குன்னு உமக்கு மட்டும் தெரியுமாக்கும்? ஊரார் பட்டா நகல், ஆதார் ஸ்கேன், பாமினி ஃபாண்ட்ல அடிச்ச பழைய பத்திரிகை டிசைன் அம்புட்டும் டெஸ்க்டாப்புலயே குவிச்சுப் போட்டிருக்கீரு. அதுக்கு பேக்கப் உண்டான்னு கேட்டா தலையைச் சொறியுதீரு. மெக்கானிக் வந்து ஒரு மணி நேரத்துல புது விண்டோஸ் போட்டுக் குடுத்துட்டுக் காசை வாங்கிட்டுப் போயிருவான். பொட்டி பத்து நாள் பறக்கும். பதினோராம் நாள் அதே ஆக்டிவேட்டர், அதே பிரிண்டர் டிரைவர், அதே நாப்பது டேப். அதே நூறு. ஏன் ஏறுச்சுன்னு பாத்தீரா? பாக்கலை. பாக்காம நெய்யை ஊத்துறதுல மட்டும் என்னா சுறுசுறுப்பு!

முதல்ல அந்த நூறைப் பாத்துப் பயப்படாதேயும். பிராசஸர் ஒரு நொடியில எவ்வளவு நேரம் சோலி பாத்துச்சு, எவ்வளவு நேரம் சும்மா கெடந்துச்சுங்கிற கணக்குதான் அது. நூறுன்னா சும்மா இருக்க நேரமே கெடைக்கலைன்னு அர்த்தம். அது ஒரு குத்தமாவே? கல்யாண வீடியோவை எடிட் பண்ணி ரெண்டர் போட்டா நூறு ஓடத்தான் செய்யணும். ஓடாம முப்பதுல நின்னாத்தான் காசு குடுத்து வாங்குன மெஷின் உம்மளை ஏமாத்துதுன்னு அர்த்தம். கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: யாருக்கு ஓடுது? உமக்கு ஓடுனா ஓடட்டும்னு விட்டுட்டு டீ குடிக்கப் போவும். நீரு ஒரு சோலியும் குடுக்காம மவுஸை விட்டுட்டு வெளியில நின்னு வாய் பாக்கும்போதும் நூறு ஓடுனா, அப்ப வாரும் உள்ள.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கும். டாஸ்க் மேனேஜர் வரும். டேவ் பிளம்மர்னு ஒரு மைக்ரோசாஃப்ட்காரர் தன் சோலிக்காக வீட்டுல உக்காந்து எழுதுன சின்ன புரோகிராம் அது. 1996ல வந்த விண்டோஸ் என்டி 4.0ல சேத்துக்கிட்டாங்க. அந்தாளு நமக்குச் செஞ்ச உபகாரத்துல நீரு இதுவரைக்கும் உபயோகிச்சது 'எண்ட் டாஸ்க்' ஒண்ணைத்தான். அடுத்தவன் கழுத்தைப் புடிக்க மட்டும் கத்துக்கிட்டீரு. மேல 'சிபியு'ன்னு தலைப்பு இருக்கு பாத்தீரா, அதை ஒரு அமுக்கு அமுக்கும். அதிகமாத் திங்கவன் மேல வருவான். உடனே தீர்ப்புச் சொல்லிராதேயும். டாஸ்க் மேனேஜர் திறக்கிறப்ப அதுவே கொஞ்சம் சிபியுவை இழுக்கும். முதல் சில நொடி நம்பரை நம்பக் கூடாது. ஒரு வெத்தலை போடுற நேரம் சும்மா பாத்துக்கிட்டிரும். வந்து வந்து போறவனை விட்டுரும். எறங்காம மேலயே உக்காந்திருக்கவன் பேரைக் குறிச்சுக்கிடும்.

அந்தப் பேரு 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்'னு இருந்தா என்ன செய்வீரு? டீட்டெயில்ஸ் பக்கம் போனா 95, 97ன்னு காட்டிக்கிட்டு நிப்பான். மெட்ராஸ்ல புதுசா வேலைக்குச் சேந்த ஒரு பையன் இவனைக் கண்டுபுடிச்சுட்டான். "சார், சர்வரைத் திங்கவன் சிக்கிட்டான்"னு ஆபீஸ் பூரா மெயில் போட்டுட்டான். சும்மா இருக்கிற நேரத்தைக் காட்டுற கணக்குவே அது. அது 97ன்னா பொட்டி 97 பங்கு தூங்குதுன்னு அர்த்தம். அந்தப் பையன் பிற்பாடு மேனேஜர் ஆயிட்டான். அது வேற கதை.

மேல நிக்கவன் எல்லாம் திருடனும் இல்லை. 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்'னு நீளமா ஒருத்தன் நிப்பான். விண்டோஸ்கூட வாற டிஃபெண்டர் அவன். நீரு பென்டிரைவ் குத்துறப்ப எல்லாம் எந்திரிச்சு மோந்து பாக்க வேண்டிய ஆளு. ஜெராக்ஸ் கடையில ஒரு நாளைக்கு எத்தனை பேர் பென்டிரைவ் வரும், அதுல எத்தனை வைரஸ் வரும்! அவன் திங்கத்தான் செய்வான், குடும். ஆனா நீரு அதுக்கும் மேல ஓசியில ஒரு ஆன்டிவைரஸ், அதுக்குப் போட்டியா இன்னொண்ணுன்னு ஏத்தி வச்சிருந்தா ஒரு உறையில ரெண்டு கத்தி. ஒருத்தன் திறக்கிற ஃபைலை மத்தவன் சோதிப்பான், அவன் சோதிக்கிறதை இவன் சோதிப்பான். ஒண்ணைத் தூக்கும். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' நின்னா அப்டேட் ஏறிக்கிட்டிருக்கு. அவனை நடுவுல நிறுத்தாதேயும். ராத்திரி சார்ஜர் போட்டு விட்டுட்டுப் போனா விடியுறதுக்குள்ள முடிச்சிருவான். நீருதான் கரன்ட் பில்லுக்குப் பயந்து தினமும் மெயின் சுவிட்சை அமத்திட்டுப் போறீரே, அவன் எப்ப முடிப்பான்? மறுநாள் கடை திறந்ததும் கஸ்டமர் வரிசையில நிக்கப்ப விட்ட இடத்துல இருந்து ஆரம்பிப்பான்.

'சர்வீஸ் ஹோஸ்ட்'டுன்னு ஒருத்தன் ஏகப்பட்ட எண்ணத்துல நிப்பான். அவன் நம்மூர்க் காம்பவுண்டு வீடு மாதிரி. வாசல் ஒண்ணு, உள்ள குடித்தனம் பல. வாசலைப் பாத்து ஏசி என்ன புண்ணியம், எந்த வீட்டுல குழாயைத் திறந்து விட்டிருக்கான்னுல்லா பாக்கணும்? பக்கத்துல இருக்கிற அம்புக்குறியை அமுக்குனா உள்ள இருக்கிற சர்வீஸ் பேரு தெரியும். 2017ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, மெமரி ஓரளவு இருக்கிற மெஷின்ல பெரும்பாலும் குடித்தனத்துக்கு ஒரு வாசல்னு பிரிச்சு விட்டுட்டாங்க, கண்டுபுடிக்கச் சுளுவு. அதுக்கு முன்னாடி பட்ட பாடு இருக்கே! 2013ல விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் எல்லாம் பூட் ஆன உடனே இந்த வாசல்ல நூறு ஏறி மணிக்கணக்கா நின்னுச்சு. உள்ள பாத்தா அப்டேட் தேடுற சர்வீஸ். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வந்த ஒவ்வொரு அப்டேட்டும் முன்ன வந்தது எதையெல்லாம் தள்ளிட்டு வந்துச்சுன்னு வம்சாவளிப் பட்டியல் வச்சிருந்துச்சு. அந்தப் பட்டியல் வருசா வருசம் நீண்டு நீண்டு, சரி பாக்கிற வேலை மடங்கு மடங்கா ஏறிப் போச்சு. 2014 சனவரியிலதான் மைக்ரோசாஃப்ட் அதை ஒழுங்கு பண்ணுச்சு. ஏப்ரல்ல எக்ஸ்பிக்கே கருமாதி. அந்த நாள்ல எத்தனை மெக்கானிக் எத்தனை பொட்டியை ஃபார்மட் அடிச்சு, அடிச்ச கையோட அப்டேட் போட்டு, திரும்பவும் நூறு பாத்திருப்பான்!

இனி உம்ம பிரவுசருக்கு வாறேன். நாப்பது டேப் திறந்து வச்சிருக்கீரு. அதுல கிரிக்கெட் ஸ்கோர் ஒண்ணு, புதுப்படம் ஓசியில காட்டுற தளம் ஒண்ணு. அந்தத் தளத்துப் பேரை நான் சொல்லலை, உங்க அத்தை இதைப் படிப்பா. குரோமுக்குள்ள ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அமுக்குனா அதுக்குன்னு தனி டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் எவ்வளவு திங்குதுன்னு புட்டுப் புட்டு வைக்கும். 2017 செப்டம்பர்ல காயின்ஹைவ்னு ஒரு கும்பல் கடை விரிச்சுச்சு. இணையப் பக்கத்துக்குள்ள ஒரு வரி ஸ்கிரிப்ட் வச்சாப் போதும், அந்தப் பக்கத்தைப் பாக்கவன் சிபியு பூரா மொனீரோங்கிற காசை வெட்டிக் குடுக்கும். வெட்டுன காசுல காயின்ஹைவுக்கு முப்பது பங்கு, மீதி ஸ்கிரிப்ட் வச்சவனுக்கு. கரன்ட் பில்லு மட்டும் பாக்கவனுக்கு. சொந்தத் தளத்துல வச்சவனை விடும். அடுத்தவன் தளத்துல களவா ஏத்துனவன்தான் அதிகம். 2018 பிப்ரவரியில, பக்கத்தை வாசிச்சுக் காட்டுற பிரவுஸ்அலவுட்ங்கிற ஒரு ஸ்கிரிப்டுக்குள்ள இதை ஒளிச்சு வச்சு, ஒரே நாள்ல நாலாயிரத்துக்கும் மேல தளத்துல ஓட விட்டுட்டாங்க. இங்கிலாந்துல தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கிற அலுவலகத்துத் தளமே அதுல மாட்டிக்கிட்டு முழிச்சுச்சு.

ரொம்பத் தூரம் போக வேண்டாம். அதே வருசம் செப்டம்பர்ல ஆந்திர அரசாங்கத்து நகராட்சித் தளங்கள் இதே மாதிரி களவுச் சுரங்கத்தோட பிடிபட்டுச்சு. அதுல ஒண்ணு திருப்பதி மாநகராட்சி. வரி கட்டலாம்னு தளத்தைத் திறந்தவன் பிராசஸர்ல எவனோ தனியா ஒரு உண்டியல் வச்சிருக்கான். ஏழுமலையானுக்கே தெரியாம திருப்பதியில ஒரு உண்டியல்! காயின்ஹைவ் 2019 மார்ச் 8ல கடையைச் சாத்திட்டுப் போயிருச்சு. கொள்கை மாறியில்லை, கட்டுப்படியாகாமப் போச்சு. தொழிலு மட்டும் சாகலை. அது இப்ப பிரவுசரை விட்டு எறங்கி, நீரு ஓசியில எறக்குற ஆபீஸ் ஆக்டிவேட்டருக்குள்ள உக்காந்து வருது.

இந்த இனத்துக்காரனைப் புடிக்க ஒரு சூட்சுமம் சொல்லுதேன், வெளியில சொல்லாதேயும். இவங்கள்ல பல பேரு டாஸ்க் மேனேஜர் திறந்த உடனே கையைக் கட்டிக்கிட்டு நல்ல பிள்ளையா நின்னுருவான். மூடுன உடனே வேலையைத் தொடங்குவான். அதனால கண்ணை நம்பாதேயும், காதைத் தீட்டும். ஃபேன் உய்யுன்னு கத்திக்கிட்டே இருக்கு, டாஸ்க் மேனேஜரைத் திறந்த சித்த நேரத்துல அடங்குது, மூடுனா மறுபடி கத்துதுன்னா ஆளு உள்ள இருக்கான். அவனுக்குப் பேருதான் அடையாளம். மைக்ரோசாஃப்ட் தளத்துலயே மார்க் ருசினோவிச் எழுதுன பிராசஸ் எக்ஸ்புளோரர்னு ஒண்ணு ஓசியாக் கெடைக்கும், அதை வேற பேரு வச்சுத் திறந்து பாரும். பலநேரம் அங்க சிக்குவான். ஆளு உள்ள இருக்கிறது உறுதின்னா மட்டும் மருமவனே, ஃபைலையெல்லாம் வெளி டிஸ்க்ல எடுத்து வச்சிட்டு, அந்த டிஸ்கையும் நல்ல மெஷின்ல ஸ்கேன் போட்டுட்டு, உம்ம இஷ்டப்படி ஃபார்மட் அடியும். சிபியுவைத் திருட வந்தவன் பக்கத்துல கெடக்கிற பாஸ்வேர்டை விட்டு வச்சிருப்பான்னு என்ன நிச்சயம்? ஊர்ப் பொம்பளைங்க பேங்க் நம்பரெல்லாம் தட்டுற கீபோர்டு அது.

'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்'னு ஒரு பேரு பத்து, இருவதுன்னு நின்னா புரோகிராம்ல தேடாதேயும். ஏதோ ஒரு சாமானோ அதோட டிரைவரோ ஓயாம கதவைத் தட்டுதுன்னு அர்த்தம். யூஎஸ்பியில குத்தியிருக்கிறதை ஒண்ணொண்ணா உருவிப் பாரும். சூட்டு விசயமும் உண்டு. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல 'ஸ்பீடு'ன்னு ஒரு எண் காட்டும். வாங்கும்போது ரெண்டரை கிகாஹெர்ட்ஸ்னு சொன்ன மெஷின், சோலி நிறைய இருக்கிறப்பவும் அரை, முக்கால்னு தவழ்ந்துக்கிட்டிருந்தா சூடு தாங்காம அதுவே வேகத்தைக் குறைச்சுக்கிட்டு ஓடுதுன்னு சந்தேகப்படும். பின் மூடியைக் கழட்டி ஃபேன்ல அடைஞ்ச பஞ்சைத் தட்டும். சங்கரன்கோவில் தறிப் பஞ்சு காத்துல வந்துச்சுன்னு சொல்லாதேயும். அது நீரு லேப்டாப்பைத் தலையணை மேல வச்சுப் படம் பாத்ததுல ஏறுன பஞ்சு.

உம்ம தம்பி சிறுசேரியில லினக்ஸ் சர்வர் பாக்கானே, அவன் உமக்கு மேல. 'லோட் எட்டு மாமா'ன்னு பதறிக்கிட்டு வந்தான். லினக்ஸ்ல டாப்னு அடிச்சா மேல வாற லோட் ஆவரேஜ் மூணு எண்ணும், ஒரு நிமிசம், அஞ்சு நிமிசம், பதினஞ்சு நிமிசத்துக் கணக்கு. சிபியுவுக்கு நிக்கவனை மட்டும் அது எண்ணாது, டிஸ்க்ல இருந்து ஃபைல் வரலையேன்னு மாட்டிக்கிட்டு நிக்கவனையும் சேத்து எண்ணும். பாத்தா சிபியு பாதிக்கு மேல சும்மா கெடக்கு, 'டபிள்யூஏ'ங்கிற காத்திருப்புக் கணக்குதான் எகிறி நிக்குது. டிஸ்க் சாகக் கெடந்துச்சு. இவன் பிராசஸர் கூட்டிக் கேட்டு லெட்டர் எழுதிட்டான்! நம்ம மாவட்டத்துலயே மத்தளம்பாறையில ஆபீஸ் வச்சிருக்கிற ஸோஹோ கம்பெனி, ஊர் உலகத்துச் சர்வர் எல்லாம் எவ்வளவு மூச்சு வாங்குதுன்னு பாக்கிற மென்பொருளை மேனேஜ்என்ஜின்ங்கிற பேர்ல விக்கான். தென்காசிப் பக்கத்துல இருந்து உலகத்து நாடியைப் பாக்கலாம், உம்ம தம்பிக்குச் சிறுசேரியில இருந்து ஒரு டிஸ்க் நாடி பாக்கத் தெரியலை.

பெரிய ஆளுங்களும் முழிச்சிருக்காங்க, உமக்கு ஆறுதலுக்குச் சொல்லுதேன். 2012 சூலை 1, ஞாயித்துக்கிழமை. நம்ம ஊர் மணிக்கு விடிகாலை அஞ்சரை. பூமி சுத்துற வேகத்துக்குக் கடிகாரத்தை ஒத்து வைக்க அன்னைக்கு ஒரு நொடி கூட்டிச் சேத்தாங்க, லீப் செகண்ட். லினக்ஸ் கெர்னலுக்குள்ள ஒரு கடிகாரத்துக்கு அந்தச் சேதி போகலை. அது ஒரு நொடி முன்னால போய் நின்னுச்சு. அரை நொடி தூங்கிட்டு எந்திரிக்கேன்னு படுத்த புரோகிராம் எல்லாம் படுத்த உடனே எந்திரிச்சுச்சு. திரும்பப் படுத்துச்சு, திரும்ப எந்திரிச்சுச்சு. ஜாவா, மைஎஸ்க்யூஎல் ஓடுன சர்வர்ல சிபியு நூறு. ரெடிட் படுத்துருச்சு, குவான்டாஸ் விமானத்துக்கு ஏற வந்தவன் எல்லாம் ஏர்போர்ட்ல வரிசையில நின்னான். ஜெர்மனியில ஹெட்ஸ்னர்ங்கிற டேட்டா சென்டர்காரன் அன்னைக்குச் சுமார் ஒரு மெகாவாட் கரன்ட் கூடுதலா இழுத்துச்சுன்னு வாடிக்கையாளருக்குக் கடுதாசி போட்டான். எவனுக்கும் சோலி நடக்காம ஒரு மெகாவாட்! எத்தனையோ பேரு பதட்டத்துல சர்வரையே அமத்திப் போட்டான். நிதானமா யாருன்னு பாத்தவன், இப்ப மணி என்னவோ அதே மணியைத் திரும்ப ஒரு தடவை செட் பண்ணுனான். ஒரே வரிக் கட்டளை. சிபியு அடங்கிருச்சு.

இணையத் தளங்களுக்கு முன்னால காவல் நிக்கிற கிளவுட்ஃபிளேர் கம்பெனி கதையும் உண்டு. 2019 சூலை 2, நம்ம ஊர்ல சாயங்காலம் ஏழு மணி தாண்டி. கெட்டவனைத் தடுக்க எழுதுன விதியில ஒரு தேடல் வாய்பாடு; வந்த எழுத்தையே திரும்பத் திரும்ப வேற வேற மாதிரி பிரிச்சுப் பாத்துக்கிட்டிருக்கிற மாதிரி எழுதிட்டாங்க. உலகம் பூரா இருந்த அவங்க சர்வர்ல எல்லாம் சிபியு நூறு, இருவத்தேழு நிமிசம். காவல்காரனே வாசலை அடைச்சுக்கிட்டான். எந்தப் பகுதின்னு கண்டுபுடிச்சு அதை மட்டும் நிறுத்துனாங்க. உம்ம மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தா உலகத்தையே ஃபார்மட் அடிச்சிருப்பான்.

சரி, உம்ம பொட்டிக்கு வாறேன். நீரு வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரத்துல கடையில உக்காந்து பாத்தேன்வே. நூறுன்னு நீரு சொன்னது உம்ம நாப்பது டேப்பையும் சேத்து. அதைச் சாத்துனதும் பாதிக்கும் கீழ எறங்கிருச்சு. அதுல ஒருத்தன் மட்டும் 25லயே நின்னான். 24 இல்லை, 26 இல்லை. ஆணி அடிச்ச மாதிரி 25. உம்ம மெஷின் நாலு பிராசஸர் காட்டுது. நாலுல ஒண்ணு முழுசா நூறு ஓடுனா மொத்தத்துல 25. அப்படி அசையாம நின்னா, எவனோ ஒருத்தன் ஒரே எடத்துல மாட்டிக்கிட்டுச் சுத்துதான்னு பாதி தெரிஞ்சு போச்சு. எட்டு காட்டுற மெஷினா இருந்தா பன்னெண்டரையில நிப்பான். இந்தக் கணக்கு தெரியாதவன் "25தானே, போவுது"ன்னு விட்டுருவான்.

பேரு, 'ஸ்பூலர் சப்சிஸ்டம் ஆப்'. பிரிண்டருக்குப் போற பேப்பர் வேலையை வரிசையில நிறுத்துறவன். ஜெராக்ஸ் கடைக்காரன் முதல்ல சந்தேகப்பட வேண்டிய ஆளு அவன்தானே? நீரு பூமியில உள்ள எல்லாத்தையும் சந்தேகப்பட்டீரு, வாங்குன பிரிண்டரை மட்டும் விட்டுட்டீரு. க்யூவைத் திறந்தா ஒரு ஃபைல் 'டிலீட்டிங்'னு காட்டிக்கிட்டு நிக்குது. எடுக்கவும் விடலை, அடிக்கவும் விடலை. நீரு கான்சல் அமுக்கியிருக்கீரு, வரலைன்னு திரும்ப பிரிண்ட் குடுத்திருக்கீரு, பிரிண்டரை அமத்திட்டுத் திரும்பப் போட்டிருக்கீரு. அவன் அந்த ஒரே ஃபைலை வச்சுக்கிட்டு ஓயாமச் சுத்துதான்.

சர்வீசஸ் பக்கம் போய் 'பிரிண்ட் ஸ்பூலர்'ரை நிறுத்துனேன். சி டிரைவ்ல விண்டோஸ், அதுக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ்னு ஒரு ஃபோல்டர். உள்ள எஸ்பிஎல், எஸ்ஹெச்டின்னு முடியுற ஃபைல் ரெண்டு கெடந்துச்சு. அழிக்கிறதுக்கு முன்னால என்னன்னு பாக்கணும்ல? க்யூவுல பேரு இருந்துச்சு, உம்ம டெஸ்க்டாப்புல அதே பேர்ல ஒரிஜினல் இருந்துச்சு, திறந்து பாத்தேன். காதுகுத்து ஃபிளெக்ஸ் டிசைன். மாமன்மார் போட்டோ பதினாறு, ஒவ்வொண்ணும் கேமரால எடுத்த அளவு குறைக்காம. அதை ஏ4 பிரிண்டருக்கு அனுப்பியிருக்கீரு. ரெண்டு ஃபைலையும் அழிச்சு, ஸ்பூலரைத் திரும்ப ஓட விட்டேன். மூணு பெர்சன்ட்டுக்கு எறங்கிருச்சு, ஃபேனும் அடங்கிருச்சு.

அட்வான்ஸ் வாங்கிட்டீராவே? அந்தக் காதுகுத்து போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சு.